தீப்பொறி தவறாமல் விழ: ஆரம்பகாலப் பெட்ரோல் எஞ்சின்களின் பற்றவைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் சொல்லும் கார்ல் பென்ஸ், தான் பட்ட பாடுகளிலேயே பெரியது பற்றவைப்புதான், அதாவது எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவைக்குத் தீ வைப்பதுதான் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிரச்சினைகளின் பிரச்சினை'. பழைய எஞ்சின்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள். 1860 முதல் ஏறக்குறைய 1912 வரையிலான காலத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு தீப்பொறியை உண்டாக்குவது அவ்வளவு கடினமா?

உண்டாக்குவது கடினமே இல்லை. 1850களிலேயே பாரிசில் ருஹ்ம்கார்ஃப் என்ற கருவி வல்லுநர் செய்து விற்ற தூண்டல் காயில்கள் (ஒரு கம்பிச் சுற்றில் ஓடும் தாழ் வோல்ட் மின்சாரத்தை அறுத்து, இரண்டாவது சுற்றில் உயர் வோல்ட்டாக எழுப்பும் கருவிகள்) நீளமான தீப்பொறிகளைக் கக்கின. மேசைமேல் பொறி விழுவது ஒன்று, ஓடுகிற எஞ்சினுக்குள் விழுவது வேறொன்று. எண்ணெயும் கரியும் படிந்த இடத்தில், சூட்டில், அழுத்தத்தில், சரியான நொடியில், ஒவ்வொரு முறையும் விழ வேண்டும். அதைச் சாதிக்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அழுத்தத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று அமுங்க அமுங்க அதைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாய அதிக வோல்ட் தேவை. இடைவெளி, அழுத்தம் இரண்டையும் பொறுத்தே இது அமைகிறது என்பதை 1889இல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் பாஷென் அளந்து காட்டினார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலைமேல் வைத்து உதைத்துப் பார்ப்போம். "பிளக் நல்லா அடிக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று மெக்கானிக் தலையைச் சொறிவார். வெளிக்காற்றில் அடிக்கும் அதே பிளக் உள்ளே கம்ப்ரஷனில் அடிக்காமல் போகலாம். அவர் கண்ணால் பார்த்ததும் உண்மை, வண்டி மறுப்பதும் உண்மை.

முதன்முதலில் பொறியால் எஞ்சினை ஓட்டியது யார்?

விற்பனைக்கு வந்து ஓரளவு பரவிய எஞ்சினை வைத்துச் சொன்னால் எத்தியென் லெனுவார். 1860இல் பாரிசில் அவர் செய்தது நிலக்கரி வாயுவில் ஓடிய எஞ்சின். பேட்டரி, ருஹ்ம்கார்ஃப் காயில், பீங்கான் காப்பு போட்ட பிளக் எல்லாமே அதில் இருந்தன. இன்றைய பிளக்கின் தாத்தா அதுதான். கலவையை அமுக்காமலே எரித்ததால் பொறிக்கு வேலை சுலபம். அப்படியும் பிளக் அழுக்கடைந்து மின்சாரம் கசியும், பேட்டரி சோர்ந்துபோகும். தொல்லை போதும் என்று அடுத்து வந்தவர்கள் மின்சாரத்தையே விட்டுவிட்டார்கள். நிக்கோலஸ் ஓட்டோவின் 1876ஆம் ஆண்டு நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் பொறி கிடையாது. ஒரு சிறு சுடரை, நகரும் வால்வு ஒன்று சிலிண்டருக்குள் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பும்.

சூடான குழாய் முறை என்கிறார்களே, அது என்ன?

சிலிண்டரின் பக்கத்தில் ஒரு முனை மூடிய சிறு குழாய். பிளாட்டினத்திலோ பீங்கானிலோ செய்திருப்பார்கள். வெளியே ஒரு பர்னர் அதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலே வந்து கலவையை அமுக்கும்போது புதுக்கலவை குழாய்க்குள் புகுந்து, சிவந்த சுவரைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1883இல் வேகமான எஞ்சின் செய்தது இதை நம்பித்தான். வயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. டைம்லர் இதை விட மனமில்லாமல் 1890களின் பிற்பகுதி வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எப்போது பற்ற வேண்டும் என்பதை ஓட்டுபவர் மாற்ற வழியில்லை. குழாயின் நீளமும் சூடும்தான் அதை முடிவு செய்யும். பலமான காற்று அடித்தால் பர்னர் அணையும். பெட்ரோல் தொட்டி உள்ள வண்டியில் எரிகிற அடுப்பை வைத்துக்கொண்டு குண்டும் குழியுமான சாலையில் போவதை நினைத்துப் பாருங்கள், வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும்?

பென்ஸ் என்ன வழி கண்டார்?

1886 ஜனவரியில் காப்புரிமை கேட்ட தன் மூன்று சக்கர வண்டியில் பென்ஸ் பேட்டரியையும் 'நடுங்கும்' காயிலையும் வைத்தார். காயிலின் இரும்புக் கருவுக்கு எதிரே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கரு காந்தமாகித் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்ததும் இணைப்பு அறும், காந்தம் போகும், தகடு திரும்பி வந்து மறுபடி தொடும். பழைய அழைப்பு மணிக்குள் நடப்பதும் இதுவேதான். ஒவ்வொரு முறை இணைப்பு அறும்போதும் காயிலின் இரண்டாவது சுற்றில் உயர் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறி விழும். ஒன்று தவறினாலும் அடுத்தது பற்றவைத்துவிடும் என்பது இதன் பலம்.

1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்குமேல் இந்த வண்டியில் போனார். வழியில் பற்றவைப்பு வயரின் உறை உராய்ந்து தேய்ந்துவிட்டது. தன் காலுறைப் பட்டையைக் கழற்றி வயருக்குக் காப்பாகச் சுற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி நீக்கினார். காப்பு கெட்டால் வண்டி நிற்கும் என்று கண்டு, கையில் இருந்ததை வைத்தே சரிசெய்த அவரை நான் முதல் ரோட்டோர மெக்கானிக் என்றே நினைக்கிறேன்.

நடுங்கும் காயில் போதுமானதாக ஏன் இருக்கவில்லை?

இரண்டு காரணங்கள். பேட்டரி தீர்ந்துகொண்டே போகும், வண்டியில் அதை மறுபடி ஏற்ற எந்த ஏற்பாடும் இல்லை. இன்னொன்று நேரம். இணைப்பு கொடுத்ததும் தகடு உடனே நகராது, காந்தம் வலுப்பெறச் சில மில்லி நொடிகள் ஆகும். நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு மில்லி நொடியில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 2 டிகிரிக்கும் குறைவாகத் திரும்பும், பாதகமில்லை. 1800 சுற்றில் அதே மில்லி நொடியில் ஏறக்குறைய 11 டிகிரி போய்விடும். தகடு சற்றுத் தாமதித்தால் பொறி விழ வேண்டிய இடத்தைப் பிஸ்டன் தாண்டியிருக்கும். பல சிலிண்டருக்குப் பல காயில்கள் வைத்தால் ஒவ்வொரு தகடும் ஒவ்வொரு மாதிரி தாமதிக்கும்.

பிரான்சில் தெ தியோன்-பூத்தோன் நிறுவனம் 1895 வாக்கில் தகட்டையே தூக்கி எறிந்தது. எஞ்சினோடு சுழலும் கேம் (ஒரு பக்கம் மேடு உள்ள உருளை) ஒன்று, பாயிண்ட் என்ற மின் தொடுமுனைகளைத் திறந்து மூடும், திறக்கும் கணத்தில் ஒரே ஒரு பொறி. ஜார்ஜ் பூத்தோனின் சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றையும் தாண்டி ஓடியதற்கு இது பெரிய காரணம். நம் ஊர்களில் எண்பதுகளில் ஓடிய மொபெட்டின் மேக்னெட் வீலைக் கழற்றினால் உள்ளே தெரிந்த பாயிண்ட்டும் இதே வழி வந்ததுதான்.

கண்டென்சர் எதற்கு?

பாயிண்ட்டின் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன உருளை என்ன செய்கிறது என்று தெரியாமலே பலர் மாற்றிக்கொண்டிருந்தோம். பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடும் மின்சாரம் சட்டென்று நிற்க விரும்பாது, திறக்கும் இடைவெளியில் பாய்ந்து அங்கேயே பொறியாக எரியும். அப்படி எரிந்தால் காந்தப்புலம் மெதுவாக இறங்கும். மெதுவாக இறங்கினால் பிளக்குக்கு வோல்ட் எழும்பாது. கண்டென்சர் அந்த முதல் கணத்து மின்சாரத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. பாயிண்ட் சுத்தமாகத் திறக்கிறது, புலம் சட்டென்று சரிகிறது, பிளக்கில் பொறி பாய்கிறது. இந்த யோசனை காருக்கும் முந்தியது: 1853இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ தூண்டல் காயிலுக்காகச் சொன்னார்.

கண்டென்சர் கெட்ட வண்டியில் பாயிண்ட்டைப் பிரித்துப் பார்த்தால் கதை முழுவதும் அங்கே எழுதியிருக்கும். பளபளக்க வேண்டிய முகம் கருநீலமாக எரிந்திருக்கும். ஒரு பக்கம் சின்னக் குழி, எதிர்ப்பக்கம் அதற்கு ஏற்ற சின்ன மேடு. உப்புத்தாளை மடித்துத் தேய்த்து, அப்புறம் நல்ல தாளை நுழைத்து இழுத்துத் துடைத்து இடைவெளி வைத்தால் வண்டி கிளம்பும். ஆனால் கண்டென்சரை மாற்றாவிட்டால் மறுபடி அதே குழிதான்.

மேக்னெட்டோ எப்படி வந்தது?

பேட்டரியை நம்பாமல் எஞ்சினே தன் பொறிக்கான மின்சாரத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். நிலைக்காந்தத்தின் நடுவே கம்பி சுற்றிய ஆர்மெச்சரை அசைத்தால் மின்சாரம் வரும், அந்தக் கருவிதான் மேக்னெட்டோ. ஓட்டோ 1884இல் இதைத் தன் எஞ்சினில் பயன்படுத்தினார். ராபர்ட் பாஷ் 1886 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் சிறு பட்டறை திறந்து, அடுத்த ஆண்டு நிலையான எஞ்சின் ஒன்றுக்கு இதே வகை மேக்னெட்டோவைச் செய்து கொடுத்தார்.

இவை தாழ் வோல்ட் மேக்னெட்டோக்கள். இவற்றோடு பிளக் வராது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், எஞ்சினிலிருந்து வரும் ஒரு கம்பி சரியான நேரத்தில் அவற்றைப் பிரிக்கும், பிரியும் இடத்தில் பொறி. நம் வீட்டில் சுவிட்சை அணைக்கும்போது உள்ளே பளிச்சிடுகிறதே, அதைத்தான் சிலிண்டருக்குள் கொண்டுபோனார்கள். வோல்ட் குறைவு என்பதால் எண்ணெய், கரி, ஈரம் இதற்கு அவ்வளவாகப் பொருட்டில்லை. பொறியும் தடியாக இருக்கும். ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த எஞ்சினில் இருந்தது இந்த முறைதான், பண்ணை எஞ்சின்களிலும் படகுகளிலும் வெகுகாலம் நீடித்தது. குறை என்னவென்றால் நெருப்புக்குள் நகரும் பாகங்கள். முனைகள் தேயும், கம்பி நெம்புகோல்கள் ஆடும், சிலிண்டருக்குச் சிலிண்டர் அதே இணைப்புகளைக் கட்ட வேண்டும், வேகம் கூடினால் தாளாது.

பாஷ் அதை எப்படி வேகமான எஞ்சினுக்கு ஏற்றதாக்கினார்?

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இது. 1897இல் ஃப்ரெடெரிக் சிம்ஸ் என்ற ஆங்கிலேய வணிகர் ஒரு தெ தியோன் முச்சக்கர வண்டியை பாஷிடம் கொண்டுவந்து இதற்கு மேக்னெட்டோ பொருத்த முடியுமா என்றார். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடக்கூடியது. நான்கு-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, ஆக நிமிடத்துக்கு 900 பொறி, நொடிக்கு 15. பாஷின் மேக்னெட்டோவில் கனத்த ஆர்மெச்சர் முன்னும் பின்னும் ஆட வேண்டும். அத்தனை எடையை நொடிக்குப் பதினைந்து முறை ஆட்ட முடியாது.

பட்டறையின் மேற்பார்வையாளர் ஆர்னால்ட் ட்ஸேரிங்கர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஆர்மெச்சர் ஏன் ஆட வேண்டும்? அதை அசையாமல் நிறுத்திவிட்டு, காந்த முனைக்கும் ஆர்மெச்சருக்கும் நடுவே எடை குறைந்த ஓர் இரும்பு உறையை மட்டும் ஆட்டினார். உறை நகரும்போது காந்தப்புலத்தின் வழி மாறும், சுற்றில் மின்சாரம் பிறக்கும். மேக்னெட்டோ வண்டிக்கு ஏறியது இப்படித்தான்.

ஆனால் சிலிண்டருக்குள் முனைகளைப் பிரிக்கும் கம்பிகள் அப்படியே இருந்தன. அவற்றை ஒழிக்கும் வேலையை பாஷ் காட்லோப் ஹோனால்டிடம் ஒப்படைத்தார். ஹோனால்ட் ஆர்மெச்சர்மேல் இரண்டு சுற்று போட்டார்: தடித்த கம்பியில் சில சுற்றுகள், மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்றுகள். தடித்த சுற்றின் மின்சாரத்தை ஒரு பாயிண்ட் அறுக்க, அதன் பக்கத்தில் கண்டென்சர் காவல் நிற்க, மெல்லிய சுற்றிலிருந்து உயர் வோல்ட் நேரே பிளக்குக்குப் போகும். காயிலும் மேக்னெட்டோவும் ஒன்றாகிவிட்டன. பேட்டரி தேவையில்லை, உள்ளே அசையும் பாகமும் இல்லை. நெருப்பைச் சந்திப்பது அசையாத பிளக் மட்டும். திறந்து மூடும் பாயிண்ட் வெளியே, கைக்கு எட்டும் இடத்துக்கு வந்துவிட்டது. 1902 ஜனவரியில் காப்புரிமை, அதே ஆண்டு செப்டம்பரில் டைம்லர் நிறுவனத்துக்கு முதல் விநியோகம். நம்பகத்தன்மை என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதிலை அந்தக் காலத்தில் யாரும் தரவில்லை என்பது என் கருத்து. 1914இல் போர் மூண்டபோது பிரிட்டன் தன் மேக்னெட்டோ தேவைக்குப் பெரும்பாலும் எதிரி நாட்டு பாஷை நம்பியிருந்ததை உணர்ந்து பதறியது.

கிராங்க் அடித்தால் கை முறியும் என்பார்களே, அதற்கும் பொறிக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. கலவை எரிந்து முடிய நேரம் பிடிக்கும். அதனால் வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றும்போது அப்படி முன்கூட்டி விழுந்தால் வெடிப்பு பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், கிராங்க் கம்பி பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டை முறிக்கும்.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யைக் கிளப்புவதைப் பாருங்கள். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நெம்புகோல், அது பொறியின் நேரத்துக்கு. அதை முழுக்க மேலே தள்ளினால் பொறி தாமதமாக விழும். வலப்பக்க நெம்புகோல் எரிபொருளுக்கு, அதைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். பிறகு வண்டியின் முன்னால் போய் இடது கையால் கிராங்க்கைப் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. எஞ்சின் பிடித்ததும் ஓடிவந்து இடது நெம்புகோலைக் கீழே இழுத்துப் பொறியை முன்னால் கொண்டுவர வேண்டும். முதலில் அதை மேலே தள்ள மறந்து கிராங்க் அடித்தவர்களின் கைகள்தான் முறிந்தன.

மாடல் டி-யின் ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தில்) 16 காந்தங்கள் பொருத்திய மேக்னெட்டோ இருந்தது. ஆனால் அது கொடுத்த மின்சாரம் மரப்பெட்டிக்குள் இருந்த நான்கு நடுங்கும் காயில்களுக்குப் போனது. பாஷ் முறையை விடப் பழையதுதான், ஆனால் மலிவு. கிராமத்து ஓட்டுநரே பிரித்துப் பழுது பார்க்க முடிந்தது. அதுவும் ஒருவகை நம்பகத்தன்மைதான்.

பிளக்குகள் ஏன் அடிக்கடி கெட்டன?

பீங்கான்தான் முதல் காரணம். சூட்டில் இரும்பு விரிகிற அளவுக்குப் பீங்கான் விரியாது, வெடித்துவிடும். மிகச் சூடானால் பீங்கான் மின்சாரத்தையும் கசியவிடும். விமான எஞ்சின்களில் அடுக்கடுக்கான மைக்கா தகடுகளைப் போட்டுச் சமாளித்தார்கள். 1930களில் அலுமினா பீங்கான் வந்த பிறகுதான் நிம்மதி.

இன்னொன்று கரி. அன்றைய எஞ்சின்கள் எண்ணெயைத் தாராளமாக மேலே ஏற்றின. பிளக்கின் மூக்கில் கரி படிந்தால், வோல்ட் எழும்புவதற்குள் மின்சாரம் கரி வழியாக வழிந்துவிடும், ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுபோல. மூக்கு சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால் கரி தானே எரிந்துபோகும். 850, 900 டிகிரியைத் தாண்டினால் மூக்கே தணலாகி, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். எந்த எஞ்சினுக்கு எந்தச் சூட்டு எண் பிளக் என்ற கணக்கு இதிலிருந்து பிறந்தது.

அக்கால ஓட்டுநர்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். கரி படிந்து அடிக்க மறுக்கும் பிளக்கின் வயரைக் கழற்றி, முனையைத் தொடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்தால், இடைவெளியில் பொறி பாயும், பிளக்கும் உள்ளே அடிக்கத் தொடங்கும்! வெளி இடைவெளி ஒரு மதகைப் போல வோல்ட்டைத் தேக்கிவைத்து, முழு உயரம் வந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது. கரி வழியாகக் கசிய நேரமே கிடைப்பதில்லை.

பேட்டரி எப்படித் திரும்பி வந்தது?

மேக்னெட்டோவின் பலவீனம் மெதுவாகச் சுற்றும்போது தெரியும்: கிராங்க் வேகத்தில் பொறி மங்கல். ஸ்பிரிங்கில் முறுக்கிச் சட்டென்று விடுவிக்கும் இணைப்பைச் சிலர் வைத்தார்கள். அமெரிக்காவின் டேட்டன் நகரில் டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கிய சார்லஸ் கெட்டரிங், காடிலாக்கின் 1910ஆம் ஆண்டு வண்டிக்குப் பொறியைச் சிக்கனமாக்கிக் கொடுத்தார்: பொறி மழைக்குப் பதில் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று, பேட்டரி நீண்ட நாள் வரும். 1912ஆம் ஆண்டு காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டரும், பேட்டரியைத் தொடர்ந்து ஏற்றும் ஜெனரேட்டரும் சேர்ந்து வந்தன. தீர்ந்துபோகும் பேட்டரி என்ற பழைய பகை அங்கே தீர்ந்தது. பாயிண்ட், காயில், கண்டென்சர் என்ற அந்த அமைப்பு எழுபதுகள் வரை பெரும்பாலான கார்களில் ஓடியது.

அப்படியானால் மேக்னெட்டோ ஒழிந்துவிட்டதா?

இல்லை. புல்வெட்டி, மரம் அறுக்கும் ரம்பம் இவற்றில் இன்றும் ஃப்ளைவீல் காந்தம்தான் பொறி தருகிறது. எல்லாவற்றையும்விட, சிறு பிஸ்டன் விமானங்கள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது, அதுவும் இரட்டையாக. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. விமானத்தின் மின்சாரம் முழுக்கப் போனாலும் எஞ்சின் ஓடும், ஒரு மேக்னெட்டோ போனாலும் ஓடும்.

ஓடுபாதைக்குப் போகுமுன் விமானி பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை முடுக்குவார். சாவியை ஒரு பக்கம் திருப்பி ஒரு மேக்னெட்டோவை நிறுத்துவார், சுற்று வேகம் கொஞ்சம் இறங்கும். பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்ததை நிறுத்துவார், மறுபடி கொஞ்சம் இறங்கும். இரண்டிலும் இறக்கம் குறித்த அளவுக்குள் இருந்தால் புறப்படலாம். அளவுக்கு மேல் இறங்கினாலோ எஞ்சின் தடுமாறினாலோ, அன்று அந்த விமானம் கொட்டகைக்குத் திரும்பும்.